மூட்டையை இறக்குமுன் மண்ணைப் பார்!
(சங்கக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



விலை நம் கையில் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. போடியிலும் புத்தடியிலும் நடக்கிற மின்னணு ஏலத்தில் 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2022-ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. காய் அதே காய், மலை அதே மலை. விலை விழுந்ததே தவிர கூலி குறைந்ததா? உரம் குறைந்ததா? இல்லை. அப்படியானால் நம் கைக்கு அடங்குவது செலவு ஒன்றுதான். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு நாம் செய்கிற செலவு உரச் செலவு.

பக்கத்துத் தோட்டக்காரர் என்ன போட்டார்னு கேட்கிறோம். கடைக்காரர் எதை எடுத்து வைக்கிறாரோ அதை ஜீப்பில் ஏற்றுகிறோம். நம் மண்ணைக் கேட்டோமா?

ஒரு கணக்கைப் பாருங்கள். பாசனம் உள்ள ஏலத்துக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 75, மணிச்சத்து 75, சாம்பல்சத்து 150 கிலோ. ஏக்கருக்கு ஏறத்தாழ 30, 30, 60 என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பலர் வாங்குவது 17:17:17 மூட்டை. 50 கிலோ மூட்டையில் மூன்று சத்தும் எட்டரை எட்டரை கிலோ. மூன்றரை மூட்டை போட்டால் தழையும் மணியும் சரியாகிவிடும், சாம்பல்சத்து பாதிதான் கிடைக்கும். சாம்பல்சத்தைச் சரிக்கட்ட ஏழு மூட்டை போட்டாலோ, தழையும் மணியும் தேவைக்கு இரண்டு மடங்கு. இதையே டி.ஏ.பி. 65 கிலோ, யூரியா 40 கிலோ, பொட்டாஷ் 100 கிலோ என்று தனித்தனியாக வாங்கி, தவணை பிரித்துப் போட்டால் கணக்கு நேராகிவிடுகிறது.

மிஞ்சின உரம் மண்ணில் கிடந்து அடுத்த வருசத்துக்கு உதவும்னு சிலர் சொல்கிறார்கள். தழைச்சத்து அப்படிக் கிடக்காது. சரிவில் அடிக்கிற மழையில் ஓடைக்குப் போய்விடும். செடி உறிஞ்சினதும் தண்டைக் கொழுக்க வைத்து, தண்டுத் துளைப்பானுக்கும் அழுகலுக்கும் விருந்து வைக்கும். பிறகு மருந்துக் கடைக்கு ஓட வேண்டியதுதான். ஆக உரத்துக்கு ஒரு தண்டம், மருந்துக்கு இன்னொரு தண்டம்.

இன்னொன்று. நம் மலை மண் புளிப்பு மண். பி.எச். ஐந்தரைக்கும் கீழே இறங்க இறங்க, போடுகிற மணிச்சத்தை மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். செடிக்குப் போய்ச் சேராது. அந்த மண்ணுக்கு முதலில் வேண்டியது டோலமைட்டோ சுண்ணாம்போதான், இன்னொரு மூட்டை டி.ஏ.பி. அல்ல. எவ்வளவு வேண்டும் என்பதை யாரும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பரிசோதனைதான் சொல்லும். துத்தநாகம், போரான் குறைவும் அப்படித்தான்.

சரி, சர்க்கார் மண்வள அட்டை கொடுத்ததே என்பீர்கள். 2015 பிப்ரவரி 19-ல் ராஜஸ்தான் சூரத்கரில் பிரதமர் தொடங்கி வைத்த திட்டம் அது. பி.எச். முதல் போரான் வரை 12 விவரம் அட்டையில் உண்டு. திட்டத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மாதிரி எடுக்க அன்று வகுத்த விதி என்ன? பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. பத்து ஹெக்டேர் என்றால் 25 ஏக்கர்! சமவெளிக்கு அது பொருந்தலாம். குரங்கணிச் சரிவிலும் போடிமெட்டு மேட்டிலும் பொருந்துமா? மேட்டில் ஒரு மண், ஓடைக்கரையில் ஒரு மண், இலைச் சருகு மக்கிய நிழலில் வேறு மண். ஒருவர் காட்டு மண்ணைப் பார்த்துவிட்டு இருபது பேருக்கு மருந்துச் சீட்டு எழுதினால் எப்படி?

ஆகவே மாதிரியை நாமே ஒழுங்காக எடுத்துக் கொடுப்போம். சருகை ஒதுக்கிவிட்டு, 'வி' போல வெட்டி, மேலிருந்து ஒரு சாண் ஆழம் வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். ஏலத்தின் வேர் மேல்மண்ணில்தான் ஓடுகிறது. ஒரே மாதிரி இருக்கிற பகுதியில் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். மேடு தனி, பள்ளம் தனி. உரம் போட்ட கையோடு எடுக்காதீர்கள், அடுத்த தவணைக்கு முன்னால் எடுங்கள். எருக்குழி, பாதை, மரத்தடி வேண்டாம். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். காலி உரச் சாக்கில் மட்டும் கட்டாதீர்கள், அப்புறம் சாக்கைத்தான் பரிசோதித்ததாக ஆகும்!

முடிவு வந்ததும் பெட்டியில் பூட்டாதீர்கள். தமிழ்நாட்டு ஆய்வக அளவுகோலில் ஹெக்டேருக்கு மணிச்சத்து 22 கிலோவுக்கு மேல் இருந்தால் அதிகம், 11-க்குக் கீழே குறைவு. சாம்பல்சத்து 280-க்கு மேல் அதிகம், 118-க்குக் கீழே குறைவு. அதிகம் என்று வந்த சத்துக்கு மூட்டையைக் குறையுங்கள். குறைவு என்று வந்ததற்கு அந்தப் பணத்தைத் திருப்புங்கள்.

பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. இடுக்கி மாவட்டம் மைலாடும்பாறையில் 1978 முதல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது (நம் கடமலைக்குண்டு பக்கத்து மயிலாடும்பாறை அல்ல). அறிவு இரண்டு பக்கமும் இருக்கிறது. அது சின்ன விவசாயியின் காட்டுக்கு வந்து சேர வேண்டும் என்றுதான் நாம் கேட்கிறோம்.

நம் கோரிக்கைகள்:

1. மலைச்சரிவில் கட்டக் கணக்கு வேண்டாம். தோட்டத்துக்குத் தோட்டம் தனி மாதிரி எடுக்க வேண்டும்.

2. அட்டையில் ஏலம், காப்பி, மிளகுக்கு உரிய உரப் பரிந்துரையையும் சுண்ணாம்பு அளவையும் தமிழில் எழுதித் தர வேண்டும்.

3. தென்மேற்குப் பருவமழை உரத் தவணைக்கு முன்பே முடிவு கைக்கு வர வேண்டும். மழை முடிந்து வரும் காகிதம் நமக்கு எதற்கு?

4. நம்மில் பலருக்கு வீடு போடியில், காடு உடும்பன்சோலையில். எல்லைக் கோட்டைக் காட்டி எந்த விவசாயியையும் திருப்பி அனுப்பக்கூடாது. இருபக்க மண்ணையும் போடியிலேயே வாங்கிக்கொள்ள ஸ்பைசஸ் போர்டு நிரந்தர ஏற்பாடு செய்ய வேண்டும்.

5. யூரியா கேட்டால் வேண்டாத சரக்கையும் சேர்த்துத் தலையில் கட்டும் பழக்கத்தை அதிகாரிகள் நிறுத்த வேண்டும்.

தேனி கலெக்டர் ஆபீசில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு இந்தமுறை வெறுங்கையோடு போக மாட்டோம். ஆளுக்கொரு மனு, ஆளுக்கொரு மண் பை! எங்கள் மண்ணைப் பாருங்கள், பிறகு எங்களுக்கு யோசனை சொல்லுங்கள் என்று கேட்போம். கேட்டது கிடைக்கும்வரை மாதா மாதம் போவோம்.

மண்ணறிந்து உரமிடுவோம்!
மலை விவசாயி உரிமை காப்போம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!