கிரகங்களின் யோக்கியதை
(வந்தவாசிக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



வானத்திலுள்ள கிரகங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். நெய்கிறவனுக்கும் உழுகிறவனுக்கும் இது எதற்கு என்று கேட்பீர்கள். செவ்வாய் தோஷமென்று பெண்ணை வீட்டிலேயே வைத்திருக்கிறோம். சனி பெயர்ந்துவிட்டானென்று தறியில் சம்பாதித்த கூலியை எள்ளுக்கும் எண்ணெய்க்கும் தட்சணைக்கும் அழுகிறோம். பட்டு வாங்குகிறவன் ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்து அசலா, கலப்பா என்று தெரிந்துகொள்ளுகிறான். நாம் பயப்படுகிற வஸ்து எதனாலானது என்று மாத்திரம் பரீட்சை செய்ய வேண்டாமா?

நவக்கிரகம் என்கிறார்கள். அதில் சூரியன் கிரகமல்ல, நட்சத்திரம். சந்திரன் பூமியைச் சுற்றுவது. இராகு, கேது என்று ஒரு பொருளே கிடையாது. சந்திரனுடைய பாதையும் சூரியன் போவதாகத் தோன்றும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்கள், அவ்வளவே. மிச்சம் ஐந்து. நாம் நிற்கிற பூமியோ கணக்கிலேயே இல்லை!

அந்த ஐந்தாவது ஒரே மாதிரியா? அதுவுமில்லை. புதன், சுக்கிரன், செவ்வாய் மூன்றும் பூமியைப் போலக் கல்லும் இரும்பும் கொண்டவை. செவ்வாய் சிவந்திருப்பது கோபத்தினாலல்ல, இரும்புத் துருவினால். குருவும் சனியும் பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம் என்னும் இலேசான வாயுக்களே. குருவின் குறுக்களவு பூமியைப் போல் 11 பங்கு. ஆனாலும் கால் ஊன்றத் தரை கிடையாது. சனியில் ஒரு படி எடுத்து நிறுத்தால், சராசரியாக ஒரு படி தண்ணீரின் எடையில் முக்கால் பங்குகூட இராது. இதுவா உங்கள் தலையில் ஏழரை வருஷம் பாரமாக உட்காருகிறது?

இந்த வித்தியாசம் ஏன் வந்தது? சுமார் 460 கோடி வருஷங்களுக்கு முன் சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியும் சுழன்றன. சூரியனுக்குப் பக்கத்து உஷ்ணத்தில் கல்லும் உலோகமும் மாத்திரமே கெட்டியாயின. அவை கொஞ்சமே, ஆகவே கிரகங்களும் சிறுத்தன. தூரத்துக் குளிரில் தண்ணீரும் உறைந்து சேர்ந்து கரு பெருத்தது. பெருத்த கரு வாயுவை இழுத்துக்கொண்டது. இதில் தெய்வச் செயல் எங்கே?

பூமியைப் போல் 4 பங்கு குறுக்களவுள்ள யுரேனஸ் 1781-லும், நெப்டியூன் 1846-லும் அகப்பட்டன. இவற்றை அறியாமலே ஜாதகம் எழுதி வந்தார்கள்! 1930-ல் புளூட்டோ அகப்பட்டது. கல்லும் பனிக்கட்டியுமான அது சந்திரனைவிடச் சிறியது. உருண்டையாயினும் தன் பாதையிலுள்ள மற்றத் துண்டுகளை அகற்றும் பலமில்லாதது. ஆகவே 2006-ல் வானநூலார் கூடி, வோட்டெடுத்து, அதைக் குறுங்கோள் என்று பிரித்துவிட்டார்கள். தவறென்று கண்டால் திருத்துவதே அறிவின் லட்சணம்.

இது வெள்ளைக்காரன் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். வாணியம்பாடிக்கருகே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1977 மார்ச்சு 10-ந் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கையில், அங்கிருந்தும் பார்த்தார்கள். மறைப்பதற்கு முன்னும் பின்னும் நட்சத்திரம் மங்கிற்று. அதனால்தான் யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது.

நான் சொன்னேன் என்பதற்காகவும் நம்பாதீர்கள். சிறு தூரதிருஷ்டிக் கண்ணாடியிலேயே சனியின் வளையம் தெரியும், நீங்களே பாருங்கள். பிறகு வீட்டிலிருக்கும் பெண்ணின் முகத்தையும் பாருங்கள். துருப்பிடித்த ஒரு கல்லுருண்டைக்காக அவள் வாழ்வைத் துருப்பிடிக்க விடுவதா என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.