பழைய கணினிக்குத் தமிழ் முகப்பு
(மதுரையில் ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியில் ஆற்றிய உரை)

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்தெல்லாம் காலைப் பேருந்தைப் பிடித்து வந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

புதிய கணினிகள் வந்துவிட்ட பள்ளியிலும், மூலையில் ஒரு விண்டோஸ் 98 கணினி கிடக்கும். 2006 ஜூலையோடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டது. ஆகவே இணையத்தில் இணைக்க வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளை தட்டச்சுப் பழக, பெயிண்டில் படம் வரைய, அது தாராளமாகப் போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய மின்பெட்டி கொண்ட கணினி தானாக அணையாது. வேலை முடிந்ததும் கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் ஓர் ஆங்கில வாக்கியம் வந்து நிற்கும். ‘இனி அணைக்கலாம்’ என்பதுதான் அதன் பொருள். பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? ஒரு பிள்ளை அவசரப்பட்டு முன்னதாகவே சுவிட்சைத் தட்டிவிடும். மறுநாள் ஸ்கேன்டிஸ்க் ஓடி, பாதி வகுப்பு அதிலேயே போய்விடும். இன்னொரு பிள்ளை பயந்து கையே வைக்காது. இரவு முழுக்கத் திரை எரியும். ‘நான் தொட்டால் கெட்டுப்போகும்’ என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் இப்படித்தான் விழுகிறது.

அந்த வாக்கியத்தை நாம் மாற்றலாம். அது எழுத்தே அல்ல, படம். விண்டோஸ் கோப்புறையில் லோகோஸ்.சிஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது. ‘இனி அணைக்கலாம்’ என்பது அதில்தான் உள்ளது. அதே இடத்தில் லோகோடபிள்யூ.சிஸ் என்றொரு கோப்பு, ‘சற்றுப் பொறுங்கள்’ என்பதற்கானது. தொடக்கப் படத்துக்கு சி டிரைவின் மேல்மட்டத்தில் லோகோ.சிஸ் என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்தால் போதும். மூன்றுமே பெயரில்தான் சிஸ். உள்ளே சாதாரண பிட்மேப் படங்கள்.

அளவு மட்டும் பிசகக் கூடாது: அகலம் 320, உயரம் 400 புள்ளிகள், 256 வண்ணங்கள். ஆனால் அந்த அளவில் நேரடியாக வரைந்தால் திரையில் எழுத்துகள் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். ஆகவே 640க்கு 400 என்று வரைந்து, பிறகு அகலத்தை மட்டும் 50 சதவீதமாகச் சுருக்குங்கள். சேமித்த கோப்பு 1,29,078 பைட் இருந்தால் சரி. பெயர் மாற்றுவதற்கு முன் கோப்பின் பின்னொட்டு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது லோகோ.சிஸ்.பிஎம்பி ஆகிவிடும், கணினி அதைச் சீந்தாது.

விண்டோஸ் 98இல் யூனிகோடு தமிழ் இல்லை. அது விண்டோஸ் 2000இல்தான் வந்தது. அதனால் கவலை இல்லை. பழைய தமிழ் எழுத்துரு எதிலாவது பெயிண்டில் தட்டுங்கள், அல்லது பிள்ளையின் கையெழுத்திலேயே வரையவிடுங்கள். கோடு தடிமனாக இருக்கட்டும். சுருக்கும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். ‘அணைக்கலாம்’ என்பது ‘அணைககலாம’ ஆகிவிட்டால் தமிழாசிரியருக்கு யார் பதில் சொல்வது?

வாசகத்தைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். ஒரு வகுப்பில் ‘பொறுங்க, எந்திரிச்சுக்கிறேன்’ என்று எழுதினார்கள். நான் யோசித்திருந்தால் ‘நல்வரவு’ என்றுதான் எழுதியிருப்பேன், அவர்களுடையதுதான் மேல். தலைவர் படம், நன்கொடையாளர் பெயர், தலைமையாசிரியர் படம் எதுவும் வேண்டாம். மதுரையில் பிளக்ஸுக்கா பஞ்சம்? கடவுச்சொல்லையும் அதில் எழுதிவைக்காதீர்கள்.

விண்டோஸ் வருவதற்கு முன்பே தோன்றும் செய்திகளை இந்த வழியில் மாற்ற முடியாது. அவை பயாஸ் சிப்பில் இருப்பவை. கீபோர்டு இல்லை என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் எஃப்1 விசையை அழுத்தச் சொல்லும் வேடிக்கையும் அங்கிருந்துதான் வருகிறது. அவற்றுக்குத் தமிழ் விளக்கத்தை ஓர் அட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களும் படவழியையே பின்பற்றுங்கள். அதன் வெறும் எழுத்துத் திரையில் தமிழின் கொம்பும் காலும் சேராமல் சிதறிப்போகும். கிரப் பட்டியலின் பின்னணியாக ஒரு படத்தை வைத்தால் சிதறாது.

தேநீருக்குப் பிறகு ஆய்வகத்தில் செய்து பார்ப்போம். முதலில் லோகோஸ், லோகோடபிள்யூ இரண்டின் மூலக் கோப்புகளையும் வேறொரு கோப்புறையில் நகலெடுத்து வையுங்கள். நீங்கள் வைத்த லோகோ.சிஸ் பிடிக்கவில்லை என்றால் அதை நீக்கினாலே போதும். பழைய விண்டோஸ் படம் தானே திரும்பிவிடும். நேரம் ஒரு படத்துக்குத்தான் இருக்கிறது என்றால் லோகோஸையே செய்யுங்கள்.