படம் பார்க்கப் படித்த பிள்ளைகள்
(நூற்றாண்டு விழாப் பழைய மாணவியர் ஒன்றுகூடலில், இளைப்பாறிய புவியியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



என்னிடம் புவியியல் படித்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரிந்திருக்கும். சிரிப்பதிலிருந்தே தெரிகிறது. ஆம், இடவிளக்கப்படம்தான்.

க.பொ.த. பரீட்சையில் ஒரு படத் துண்டைத் தந்து கேள்வி கேட்பார்கள். அதைக் கண்டாலே பிள்ளைகளுக்குப் பயம். கபில நிறத்தில் நெளிந்து நெளிந்து ஓடும் சமவுயரக் கோடுகள் தலைமயிர் சிக்கெடுத்த மாதிரி இருக்கின்றன என்பார்கள். பாடப்புத்தகத்தில் உள்ள வரைவிலக்கணத்தை மனனம் செய்து பயனில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு அது தேவையுமில்லை. “உங்கள் தாத்தா கான் வெட்டினாரா?” என்று கேட்பேன். மலையைச் சுற்றி, தண்ணீர் பாய்ந்து மண்ணை அள்ளாதபடி, மெல்லிய சரிவோடு வெட்டிய கான் ஏறக்குறைய ஒரு சமவுயரக் கோடுதான். ஸ்டோருக்குப் போகும் தோட்டத்து ரோட்டும் அப்படியே, உயரத்தைப் பெரிதாக விடாமல் வளைந்து வளைந்து போகும். நாம் ஏறும் குறுக்குப்பாதை அந்தக் கோடுகளை வெட்டிக்கொண்டு போகும். மூச்சு வாங்குவது அதனால்தான். இதைச் சொன்னபின் பெரும்பாலும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் தொடங்கியது. நாங்கள் படித்த காலத்தில் ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் படம் இருந்தது. பின்னர் 1:50,000 அளவுத்திட்டம் வந்தது. அதில் 2 சென்றிமீற்றர் என்றால் நிலத்தில் 1 கிலோமீற்றர். கோட்டுக்குக் கோடு 20 மீற்றர் உயரம். கணக்கை இங்கேயே போட்டுப் பாருங்கள். 2 மில்லிமீற்றருக்குள் ஐந்து இடைவெளிகள் நெருங்கி இருந்தால், 100 மீற்றர் நடப்பதற்குள் 100 மீற்றர் ஏற வேண்டும். 45 பாகைச் சரிவு.

பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. பழையதில் மஸ்கெலியா நகரம் இருந்த இடத்தில் புதியதில் நீல நிறம், மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம். வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயில் வெளியே தெரிவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நீலக் கோடுகளை விரலால் தொடர்ந்து போனால் இன்னொன்றும் தெரியும். காசல்ரீப் பக்கம் பெய்யும் மழை களனி கங்கையோடு கொழும்புக்குப் போகிறது. தலவாக்கலையில் பெய்யும் மழை கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து திருகோணமலைப் பக்கம் கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே நம் மலைத்தொடர்தான் நிற்கிறது.

இனிச் சொல்லப்போவது பரீட்சைக்குரியதல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. மலைநாட்டு மாவட்டங்களுக்கான மண்சரிவு ஆபத்து வலயப் படங்களை அந்த நிறுவனம் தயாரித்து வருகிறது. படம் அலுவலகத்தில் இருக்கிறது, மக்கள் லயத்தில் இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையே படம் பார்க்கத் தெரிந்த ஒருத்தி இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். கோடுகள் நெருங்கி, V வடிவில் மேட்டை நோக்கி வளைந்தால் அது நீர் இறங்கும் பள்ளம். அந்தப் பள்ளத்தின் வாயில் லயம் இருக்கிறதா என்று பார்க்கப் பட்டம் தேவையில்லை. மழைக்காலத்தில் கிராம அலுவலரிடம் போய், “எங்கள் லயம் எந்த வலயத்தில் இருக்கிறது? படத்தைக் காட்டுங்கள்” என்று கேட்க உங்களால் முடியும். உங்கள் அம்மாவுக்கு அது முடியாமல் இருந்தது.

காணி உறுதியும் அப்படியே. 7 பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 1,906 சதுர அடி. உறுதியோடு வரும் நில அளவைப் படத்தில் நான்கு எல்லைகளும் இருக்கும். வடக்கு எது, பாதை எந்தப் பக்கம், கான் யாருடைய எல்லைக்குள் போகிறது என்று கையொப்பம் வைக்குமுன் வீட்டில் ஒருவர் வாசிக்க வேண்டும். தயவுசெய்து தம்பிக்காகக் காத்திருக்காதீர்கள்.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் தங்கைமார் கைத்தொலைபேசியில் எல்லாம் இருக்கிறதே என்று சொல்வீர்கள். இருக்கிறது. ஆனால் அது திரும்பு என்று சொல்லும் இடத்தில் திரும்பினால், சில தோட்டங்களில் தேயிலைக்குள்தான் போய் நிற்க வேண்டும்.

படத்தில் டன்சினேன், ஹோலிரூட், பால்மோரல் என்று ஸ்கொட்லாந்துப் பெயர்கள் இருக்கின்றன. துரைமார் தங்கள் ஊரை இங்கே நட்டுவிட்டுப் போனார்கள். நாம் வீட்டில் சொல்லும் பெயர்கள், மேட்டு லயம், பணிய லயம், இவை எந்தத் தாளிலும் இல்லை.

ஆகவே மண்டபத்தின் பின்சுவரில் நுவரெலியா, ஹட்டன் தாள்களைச் சேர்த்து ஒட்டி, நூலில் பென்சில்களும் கட்டியிருக்கிறோம். தேநீர் வேளையில் ஒவ்வொருவரும் தங்கள் தோட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அம்மம்மா சொன்ன பெயரைத் தமிழில் எழுதிவிட்டுப் போங்கள். கண்டுபிடிக்க முடியாதவர்கள் என்னிடம் வரலாம், ஆனால் முதலில் ஆற்றைத் தேடிவிட்டுத்தான் வர வேண்டும்.