கைபட்டு விளங்கும் கணிப்பொறி

புனேயிலும் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் கணிப்பொறிப் பொறியியல் பயிலும் பிள்ளை ஒருவர் இருக்கக் காண்கிறோம். அப்பிள்ளை மேசைமேல் கம்பிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தால், "பரீட்சைக்குப் படிக்காமல் இது என்ன விளையாட்டு?" என்று கேட்டுவிடுகிறோம். அது விளையாட்டுத்தானா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

முதலாண்டுப் பயிற்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு மின்பலகையில் ஒரு பொத்தானை இணைத்து, அது எத்தனை முறை அழுத்தப்படுகிறது என்று எண்ணச் செய்யவேண்டும். நிரல் சில வரிகளே. மாணவி ஒருமுறை அழுத்துகிறாள். பலகை மூன்று என்கிறது. மறுபடி ஒருமுறை அழுத்தினால் ஐந்து கூடிவிடுகிறது. நிரலைப் பத்துமுறை படித்தும் பிழை அகப்படவில்லை.

காரணம் பொத்தானுக்குள் இருக்கிறது. அதிலுள்ள உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும்போது, தரையில் விழுந்த பந்தைப்போலச் சில மில்லி விநாடிகள் துள்ளிய பின்னரே அமைகின்றன. நம் விரல் அறியாத அத்துள்ளலை, விநாடிக்கு 1,60,00,000 துடிப்புகளுடன் இயங்கும் பலகை அறிந்து, ஒவ்வொன்றாக எண்ணிவிடுகிறது. முதல் தொடுகைக்குப் பின் 20 மில்லி விநாடி பொறுத்து மீண்டும் பார்க்குமாறு நிரலைத் திருத்தினால், கணக்கு நேராகிறது.

ஏட்டில் தெளிவாக நிற்கும் 0, 1 என்னும் எண்கள், கம்பியில் ஏறி இறங்கும் மின்னழுத்தங்களே என்பதை அவள் அன்று உணர்கிறாள். நிரல் சரியாக இருந்தும் விடை தவறினால் எங்கே தேடவேண்டும் என்பதையும் கற்கிறாள். மனப்பாடத்தால் இவ்வறிவு வாராது.

நம் நாட்டின் கணிப்பொறி வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு குழுவினர் 1950களின் நடுவில் தம் கையாலேயே கணிப்பொறி அமைக்க முற்பட்டனர். 1960-ல் முழு அளவில் இயங்கிய அப்பொறி, 1962-ல் டிஃப்ராக் எனப் பெயர் பெற்றது. அதன் தலைவர் நம்மைப்போல் ஊர்விட்டு வந்து உழைத்த தமிழர் என்பதில் நமக்கு மகிழ்ச்சி உண்டன்றோ?

ஐந்து வோல்ட்டில் இயங்கும் இப்பலகையைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. வீட்டு மின்சாரத்தில் மட்டும் பிள்ளைகள் கைவைக்காதபடி பார்த்துக்கொள்வோம். இன்று மாலை, "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்குமுன், "ஒருமுறை அழுத்தினால் ஏன் ஐந்து காட்டியது?" என்று கேட்டுப் பார்ப்போம். நமக்கு விளங்கும்படி பிள்ளை சொல்லிவிட்டால், பாடம் படிந்துவிட்டது என்று நம்பலாம்.