காணாமல் போன கோப்பும் 58 ஆண்டுக் காத்திருப்பும்



"உங்கள் பைல் கிடைக்கவில்லை, பிறகு வாருங்கள்." இந்த வார்த்தையைக் கேட்காத குடும்பம் நம்மில் எத்தனை? பிறப்புப் பத்திரத்திற்கு அலைந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இந்த மண்ணிலேயே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தவர்களை நம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இன்று ஒரு காணாமல் போன கோப்பின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அது நம் நாட்டுக் கதை அல்ல, அமெரிக்க இராணுவத்தில் நடந்தது. ஆனால் கேட்டு முடித்ததும் நம் வீட்டுக் கதை போலத்தான் உங்களுக்குத் தோன்றும்.

அவர் பெயர் பாரிஸ் டேவிஸ். கறுப்பினத்தவர். அமெரிக்க சிறப்புப் படையில் அதிகாரியாகச் சேர்ந்த முதல் சில கறுப்பர்களில் ஒருவர். 1965 ஜூன் மாதம் வியட்நாமில் போங் சோன் என்ற இடத்தில் கேப்டனாக இருந்தார். அவரோடு ஒரு சில அமெரிக்கர்களும், போர் அனுபவம் இல்லாத தென் வியட்நாமியப் படையினரும் இருந்தார்கள். ஜூன் 17, 18 ஆகிய இரண்டு நாட்களில், ஏறத்தாழ 19 மணி நேரம் சண்டை நடந்தது. கையெறி குண்டில் துப்பாக்கி விசையை இழுக்கும் விரலின் ஒரு பகுதி போய்விட்டது. சுண்டுவிரலால் சுட்டார். காயம்பட்டு வெட்டவெளியில் கிடந்த தன் ஆட்களை, குண்டு மழைக்கு நடுவே போய் ஒருவர் பின் ஒருவராக இழுத்து வந்தார். மேலதிகாரி வெளியேறச் சொன்னபோதும், தன் ஆள் ஒருவர்கூட அங்கே கிடக்கும்வரை நகரமாட்டேன் என்று மறுத்தார். அவர் காப்பாற்றியவர்களில் ஒருவர் பில்லி வா என்ற வெள்ளைக்கார சார்ஜென்ட்.

அவருடைய மேலதிகாரி அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்திற்கு அவரைப் பரிந்துரைத்தார். அந்தக் கோப்பு காணாமல் போனது. 1969-இல் விசாரித்தார்கள். கோப்பைக் காணோம் என்று தெரிந்ததும் மறுபடியும் அனுப்பச் சொன்னார்கள். அதுவும் காணாமல் போனது.

ஒரு முறை தொலைந்தால் அலட்சியம் என்று சொல்லலாம். இரண்டு முறை தொலைந்தால் என்னவென்று சொல்வது? அவரோடு இருந்தவர்கள் பலர், நிறம்தான் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அதைவிடக் கீழ்நிலையில் உள்ள வெள்ளி நட்சத்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1985-இல் கர்னலாக ஓய்வு பெற்றார். பிறகு பல ஆண்டுகள் ஒரு சிறு பத்திரிகை நடத்தினார்.

ஆனால் அவரோடு சேவை செய்தவர்கள் விடவில்லை. 1981-இல் பில்லி வா தான் கண்டதை எழுத்தில் கொடுத்தார். நண்பர்கள் பழைய தாள்களைத் தேடினார்கள். சாட்சிகளின் வாக்குமூலங்களைச் சேர்த்து, தொலைந்த கோப்பை முதலிலிருந்து மறுபடி உருவாக்கினார்கள். 2021-இல் பாதுகாப்புத் துறை மறு ஆய்வுக்கு உத்தரவிட்டது. 2023 மார்ச் 3-ஆம் தேதி, வெள்ளை மாளிகையில், அதிபர் பைடன் அந்தப் பதக்கத்தை அவர் கழுத்தில் அணிவித்தார். ஏறத்தாழ 58 ஆண்டுகள்! அடுத்த மாதமே பில்லி வா காலமானார். அவருடைய வாக்குமூலம் மட்டும் எழுத்தில் இல்லாமல் போயிருந்தால்?

இது ஒரு தனி மனிதருக்கு மட்டும் நடந்ததல்ல. இரண்டாம் உலகப் போரில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் அமெரிக்கப் படைகளில் சேவை செய்தார்கள். போர் முடிந்து அரை நூற்றாண்டு வரை அந்த உயர்ந்த பதக்கம் அவர்களில் ஒருவருக்குக்கூடக் கொடுக்கப்படவில்லை. 1993-இல் தொடங்கிய ஆய்வுக்குப் பிறகு, 1997 ஜனவரியில் ஏழு பேருக்குக் கொடுத்தார்கள். அதை நேரில் வாங்க உயிரோடு இருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவர்தான். 2000 ஜூன் மாதம் ஆசிய வம்சாவளி வீரர்கள் 22 பேருக்குக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய வம்சாவளியினர். அந்தப் பிள்ளைகள் போர்க்களத்தில் நின்ற காலத்தில், அவர்கள் இனத்து மக்களை அதே அரசாங்கம் முள்வேலி முகாம்களில் அடைத்து வைத்திருந்தது.

நியாயமாகப் பேச வேண்டும். வெள்ளைக்கார ஏழைகளுக்கும் இது நடந்தது. கார்லின் கானர் என்பவர் கெண்டக்கி மாநிலத்து விவசாயி. 1998-இல் இறந்துவிட்டார். அவருடைய மனைவி பாலின் விண்ணப்பம் போட்டார், மறுத்தார்கள். நீதிமன்றம் வரை போனார். 2018-இல் கணவரின் பதக்கத்தைத் தன் கையில் வாங்கினார். இனம் ஒரு சுவர் என்றால், ஏழ்மை இன்னொரு சுவர்.

சரி, அங்கே பதிவேட்டைத் திருத்த என்ன வழி? 1946-இல் வந்த ஒரு சட்டப்படி ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் பதிவேடுகள் திருத்தும் வாரியம் ஒன்று உண்டு. அதில் முடிவு செய்பவர்கள் சிப்பாய்கள் அல்லர், சிவிலியன்கள். முன்னாள் சிப்பாய் ஒரு பாரத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அவர் இறந்துவிட்டால் குடும்பத்தார் அனுப்பலாம். தவறு தெரிந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், நியாயம் கருதி அந்தக் கெடுவைத் தளர்த்தலாம். மிக உயர்ந்த பதக்கத்திற்குத் தனிக் காலக்கெடு. அது கடந்துவிட்டால் நாடாளுமன்றமே வழிவிட வேண்டும்.

கவனியுங்கள்: பதிவேடு சரியாகத்தான் இருக்கிறது என்றுதான் வாரியம் தொடங்கும். தவறு என்று நிரூபிப்பது சிப்பாயின் பொறுப்பு. ஆதாரத்தைத் தேடிப் போனால் அங்கே இன்னொரு இடி. 1973 ஜூலை 12-ஆம் தேதி செயின்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 160 முதல் 180 லட்சம் இராணுவக் கோப்புகள் எரிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையே விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் 80 விழுக்காடு போய்விட்டது. எரிந்தது அரசாங்கத்தின் காப்பகம். ஆதாரம் கொண்டு வர வேண்டியவன் சிப்பாய்!

அப்படிப்பட்டவர்களைக் காப்பாற்றியது எது? வீட்டில் அம்மா எடுத்து வைத்த கடிதம். பழைய புகைப்படம். விடுப்புச் சீட்டு. பக்கத்தில் நின்று சண்டையிட்ட நண்பனின் கையெழுத்து.

"ஒரு உலோகத் துண்டுக்கா இத்தனை பாடு?" என்று சிலர் கேட்கலாம். உலோகம் மட்டும் அல்ல ஐயா. போரில் நின்றான் என்று ஒரு பதக்கம் பதிவேட்டில் இருந்தால், பிற்காலத்தில் காயத்திற்கும் மன உளைச்சலுக்கும் நஷ்டஈடு கேட்கும்போது அதுவே சாட்சி. அது இல்லை என்றால், நீ போரில் இருந்தாயா என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. பேரப்பிள்ளை படிக்கும் வரலாறு பதிவேட்டிலிருந்துதான் எழுதப்படுகிறது. பதிவில் இல்லாதவன் வரலாற்றிலும் இல்லாதவன் ஆகிவிடுகிறான்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். அவசரகாலத்திலும் இந்தோனேசிய மோதலின் போதும் இந்த நாட்டின் படைகளில் நம் ஆட்களும் இருந்தார்கள். போலீசிலும் இருந்தார்கள். தோட்டத்தில் பால் வெட்டியவர்கள், சாலை போட்டவர்கள், இரயில் தண்டவாளம் பதித்தவர்கள் எல்லோரும் இந்த நாட்டுக்குச் சேவை செய்தவர்களே. அவர்கள் உழைப்பு யார் கோப்பில் இருக்கிறது? உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. தோட்டம் விற்கப்பட்டு வீடு மாறியபோது அந்தப் பெட்டியும் குப்பைக்குப் போயிருந்தால், அதோடு போயிற்று.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான்.

இந்த வாரமே அந்தப் பெட்டியைத் திறங்கள். தாத்தாவின் சேவைப் புத்தகம், சம்பளச் சீட்டு, பழைய அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ், ஒரே ஒரு புகைப்படம் என்றாலும் எடுத்து நகல் போடுங்கள். படத்தின் பின்னால் பெயரும் ஊரும் வருடமும் எழுதுங்கள்.

உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். யாரோடு வேலை செய்தார், எந்த ஆண்டு, எந்த இடம் என்று எழுதி வாங்குங்கள். முக்கியமான விஷயம் என்றால் சத்தியப் பிரமாணமாகவே செய்து வையுங்கள். பாட்டன் போன பிறகு சாட்சி தேட முடியாது.

அலுவலகத்தில் அசலைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். நகலைக் கொடுங்கள். அசலைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்றால், முத்திரையும் தேதியும் போட்ட ரசீது கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. கோபப்பட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம்.

கடைசியாக, தனியாகப் போகாதீர்கள். பாரிஸ் டேவிஸ் தனக்காகத் தானே கத்திக்கொண்டு இருக்கவில்லை. அவருக்காக மற்றவர்கள் எழுதினார்கள், அலைந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பைல் தொலைந்தால் அது அவர் பிரச்சினை என்று நாம் இருந்துவிட்டால், நாளை நம்முடையது தொலையும்போது கூட வர யாரும் இருக்கமாட்டார்கள்.

அவர்கள் கோப்பைத் தொலைக்கலாம். சாட்சியை நாம் தொலைக்கக் கூடாது.