வெளிநாட்டு போனும் நம்மூர் சிம்மும்

(பசுவந்தனையில் அஸர் தொழுகைக்குப் பின் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





போனைப் பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளை நிர்வாகிகள் கூப்பிட்டபோது, "நலக் கூட்டத்தில் பேசுகிற விஷயமா இது?" என்றுதான் நான் கேட்டேன். அவர்கள் பதில் சொல்லாமல் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். அதில் ஏழு போன்கள். நம் பிள்ளைகள் படிப்புக்கு உதவட்டும் என்று வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் ரமலானில் கொடுத்தனுப்பியவை. நான் கோவில்பட்டியில் செல்போன் சர்வீஸ் வேலை பார்ப்பவன். ஒவ்வொன்றாக எடுத்து நம்மூர் சிம்மைப் போட்டுப் பார்த்தேன். மூன்று போன் உடனே வேலை செய்தது. இரண்டு போன் சிம்மை ஏற்கவில்லை. ஒன்று பழைய சொந்தக்காரரின் கூகுள் கணக்கைக் கேட்டது. இன்னொன்றில் சிம் போடுவதற்குத் துளையே இல்லை. ஏழு பிள்ளைகளுக்கு என்று எழுதி வைத்திருந்த பட்டியலில் மூன்று பெயருக்குத்தான் போன் போனது.

அனுப்பியவர்கள் எல்லாரும் நல்ல நிய்யத்தோடுதான் அனுப்பினார்கள். விஷயம் தெரியாததுதான் குறை. அதனால் இன்று பேசுகிறேன்.

சிம்மை ஏற்காத போனை நாம் "லாக் ஆன போன்" என்கிறோம். அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சிம்முக்குள் பதினைந்து இலக்க எண் ஒன்று இருக்கிறது. நீங்கள் டயல் செய்கிற நம்பர் இல்லை, இது வேறு. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் காட்டும். இந்தியாவுக்கு 404, 405. சவூதிக்கு 420. எமிரேட்ஸுக்கு 424. அதற்கு அடுத்த இரண்டு மூன்று இலக்கம் எந்தக் கம்பெனி என்று காட்டும். பூட்டு போட்ட போன், சிம் உள்ளே போனதும் இந்த முன் இலக்கங்களைப் படித்துப் பார்க்கிறது. தன்னை விற்ற கம்பெனியின் எண் இருந்தால் திறக்கும். வேறு எண் என்றால், ஐபோனில் "சிம் நாட் சப்போர்ட்டட்" என்று வரும். ஆண்ட்ராய்டு போனில் "நெட்வொர்க் அன்லாக் பின்" கேட்கும். போன் கெட்டுப்போகவில்லை, சிம்மிலும் கோளாறு இல்லை. வாசலில் நிற்கிற காவலாளி ஆள் மாறி வந்திருக்கிறார் என்று சொல்கிறார், அவ்வளவுதான்.

ஏன் பூட்டுகிறார்கள்? அமெரிக்காவில் பெரும்பாலும் போனைத் தவணையில்தான் வாங்குகிறார்கள். கம்பெனி போனைக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் மாதாமாதம் காசை வாங்கிக்கொள்ளும். அதுவரை வேறு கம்பெனிக்குப் போய்விடாமல் இருக்கத்தான் இந்தப் பூட்டு. நம் நாட்டிலும் இது நடந்ததுதான். 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் கையில் போன் கொடுத்ததே, ஞாபகம் இருக்கிறதா? சி.டி.எம்.ஏ. போன். ஆரம்பத்தில் அதில் சிம்மே கிடையாது, நம்பரைப் போனுக்குள்ளேயே எழுதிக் கொடுத்தார்கள். 2017 முடிவதற்குள் அந்த நிறுவனத்தின் குரல் சேவையே நின்றுபோனது. அந்தக் கருவிகளை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாமல் பிள்ளைகள் விளையாடக் கொடுத்தோம். அதே 2017-ல் வந்த ஜியோபோனும் 1500 ரூபாய் டெபாசிட்டில் கொடுத்த, ஜியோ சிம் மட்டும் ஏற்கிற போன்தான்.

அடுத்த வருடம் தமிழ்நாட்டில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் திடீரென்று போனது. நம் மாநிலத்தில் பிறந்த கம்பெனி, வீட்டுக்கு ஒரு ஏர்செல் சிம்மாவது இருந்த காலம். ஷோரூம் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனு போட்டுவிட்டது. அப்போது நம்மைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றுகிற வசதி. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க அது இருக்கிறது. 'போர்ட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு, உங்கள் நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வருமே, அதுதான். இரண்டாவது, நம்மிடம் இருந்த போன்கள் பூட்டில்லாத போன்கள். சிம்மை மாற்றியதும் வேலை செய்தன. இந்த இரண்டாவதை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் இந்தியாவில் கடையில் வாங்கும் சாதாரண போனுக்குப் பூட்டு கிடையாது. அதனால்தான் வெளிநாட்டு போன் கையில் வரும்போது திகைத்துப் போகிறோம்.

கரிசல் காட்டில் பூட்டில்லாத போனின் அருமை இன்னும் அதிகம். வீட்டு முற்றத்தில் ஒரு கம்பெனி எடுக்கும், உளுந்துக் காட்டில் இன்னொரு கம்பெனிதான் எடுக்கும். இரண்டு சிம் போட்டுக்கொள்வது இங்கே ஆடம்பரம் இல்லை. உம்ராவுக்குப் போகிறவர்களும் ஜித்தாவில் இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்கிப் போடத்தான் பார்ப்பார்கள்.

இனி அந்த அக்கா கதைக்கு வருகிறேன். அவர் அனுமதி கொடுத்துத்தான் சொல்கிறேன்.

அவருடைய தம்பி அமெரிக்காவில் இருந்து ஒரு ஐபோன் அனுப்பினார். மருமகள் நர்சிங் படிக்கிறாள், அவளுக்காக. நம்மூர் சிம் ஏறவில்லை. பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு கடைக்காரர் 2500 ரூபாய் வாங்கிக்கொண்டு "அன்லாக் பண்ணியாச்சு" என்று கொடுத்தார். சிக்னல் வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் ராத்திரி அந்தப் பெண் போனை அப்டேட் போட்டுவிட்டுத் தூங்கினாள். காலையில் சிக்னல் இல்லை. அன்றைக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள். வங்கியின் ஓ.டி.பி. வருகிற நம்பர் அந்தப் போனில் இருக்கிறது. தாயும் மகளும் அழுதுகொண்டே கடைக்கு வந்தார்கள்.

சிம் தட்டை வெளியே இழுத்தேன். சிம்மோடு ஒட்டிக்கொண்டு மெல்லிய பிலிம் மாதிரி ஒரு சிப் வந்தது. அதுதான் அந்த 2500 ரூபாய். அந்தச் சிப், "இது உங்கள் கம்பெனி சிம்தான்" என்று போனிடம் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். அப்டேட் வந்து பொய் பிடிபட்டதும் கதவு சாத்திவிடும். பூட்டை யாரும் திறக்கவே இல்லை. முதலில் சிம்மைக் கழற்றி என் கடையில் கிடந்த பட்டன் போனில் போட்டேன். ஓ.டி.பி. வந்தது, கட்டணம் கட்டியாயிற்று. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: அவசரத்தில் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் போதும், நம்பர் போனில் இல்லை, சிம்மில் இருக்கிறது.

அன்று ராத்திரி அமெரிக்காவுக்குப் பேசினோம். "தம்பி, இந்தப் போனுக்குத் தவணை முடிந்துவிட்டதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இன்னும் அஞ்சு மாசம் இருக்கு பாய். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நெனைக்கல" என்றார். மீதியை மொத்தமாகக் கட்டினார். போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து அந்தக் கம்பெனியிடமே அன்லாக் கேட்டார். சில நாளில் ஒப்புதல் வந்தது. இங்கே வைஃபையில் இணைத்து நம் சிம்மைப் போட்டோம். திறந்துகொண்டது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

சரியான வழி இதுதான். பூட்டைப் போட்ட கம்பெனிதான் திறக்கும். அமெரிக்காவில் 2014 ஆகஸ்டில் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஆனாலும் அங்கே பூட்டோடு விற்பது இன்னும் நடக்கிறது. கடன் தீர்ந்திருக்க வேண்டும், போன் திருட்டுப் பட்டியலில் இருக்கக் கூடாது, குறிப்பிட்ட நாட்கள் அந்த நெட்வொர்க்கில் ஓடியிருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதுப் போன்கள் பூட்டில்லாமல்தான் விற்க வேண்டும். இங்கிலாந்தில் 2021 டிசம்பர் முதல் அப்படி. வளைகுடாவில் கடையில் ரொக்கத்துக்கு வாங்கும் போன்களில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை.

இங்கே மார்க்க விஷயம் ஒன்று வருகிறது. நான் ஆலிம் இல்லை, தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அல்-மாயிதா சூராவின் முதல் வசனமே ஒப்பந்தங்களை நிறைவேற்றுவதைப் பற்றியது என்று நம் இமாம் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறோம். தவணை பாக்கி இருக்கிற போனை அன்பளிப்பாக அனுப்பிவிட்டு, அங்கே தவணையையும் நிறுத்திவிட்டால், அந்தக் கம்பெனி போனைத் தடைப்பட்டியலில் சேர்க்கலாம். மார்க்கச் சட்டம் பற்றி இமாமிடம் கேளுங்கள். என் வேலை தெரிந்தவரை, பாக்கி உள்ள போனை யாரும் முறையாகத் திறந்து தர முடியாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இன்னொரு குறுக்கு வழியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். சில இடங்களில் ஐ.எம்.இ.ஐ. எண்ணையே மாற்றி எழுதித் தருகிறார்கள். அது போனின் பிறப்பு எண். அதை மாற்றுவது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம், மூன்று வருடம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். எங்கேயோ திருடு போன போனின் எண் உங்கள் போனில் இருந்தால், போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். பழைய போன் வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் *#06# அழுத்தி அந்த எண்ணைப் பாருங்கள். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்தை டைப் செய்து, இடைவெளி விட்டு, அந்தப் பதினைந்து இலக்கத்தைப் போட்டு 14422-க்கு அனுப்புங்கள். எந்த மாடல் போன் என்று பதில் வரும். கையில் இருப்பது ஒன்று, பதிலில் வருவது வேறு என்றால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். உங்கள் போனே தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கலாம். போலீஸில் புகார் கொடுத்த நகல் வேண்டும்.

எல்லாப் பூட்டும் ஒரே பூட்டு இல்லை. ஏழு போனில் ஒன்று கூகுள் கணக்கைக் கேட்டதே, அதற்கும் சிம் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. திருடன் போனை அழித்துவிட்டு விற்காமல் இருக்க வைத்த பாதுகாப்பு அது. கொடுத்தவர் தன் கணக்கை நீக்காமல் போனை அழித்துவிட்டார். அவரிடம் பேசிப் பாஸ்வேர்டு வாங்கி ஐந்து நிமிடத்தில் சரிசெய்தோம். ஐபோனிலும் இதே மாதிரி உண்டு. போன் தருகிறவர்கள் முதலில் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், பிறகு அழியுங்கள்.

சிம் துளையே இல்லாத போன், அமெரிக்காவில் 2022-க்குப் பின் விற்ற ஐபோன். 14-ஆம் வரிசை முதல் அங்கே சிம் தட்டை எடுத்துவிட்டார்கள், இ-சிம் மட்டும்தான். 2025-ல் வந்த 17-ஆம் வரிசையில் சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், எமிரேட்ஸ் போன்களுக்கும் இதே கதை. அது பழுது இல்லை. ஜியோ, ஏர்டெல், வி.ஐ. மூன்றிலும் இ-சிம் வாங்கலாம். ஆனால் வீட்டில் பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள். நான் மேலே சொன்ன மாதிரி அவசரத்தில் கழற்றி வேறு போனில் போட அதில் சிம்மே இருக்காது.

பூட்டு திறந்தும் சிக்னல் வராத போனும் உண்டு. நெட்வொர்க்குகள் வேறு வேறு அலைவரிசையில் ஓடுகின்றன. ஜியோவில் 2ஜி, 3ஜி இல்லை, 4ஜி வழியாகப் பேசத் தெரிந்த போனாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் பழைய மாடல்களில் சில இங்கே நெட் எடுக்கும், பேச்சு எடுக்காது. அதற்கு மருந்தில்லை. வீட்டில் வைஃபையில் பிள்ளைகள் பாடம் பார்க்கக் கொடுத்துவிடலாம்.

ஆகவே, அடுத்த முறை மகனோ மச்சானோ "போன் அனுப்பட்டுமா?" என்று கேட்டால், சரி என்று சொல்லும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். தவணை முடிந்ததா? கம்பெனி அன்லாக் செய்ததா? சிம் தட்டு இருக்கிறதா? ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் வேறு கம்பெனி சிம் ஒன்றை அங்கேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பின் கேட்டால் குத்துமதிப்பாக எண் அடிக்கக் கூடாது. சில தடவை தவறினால் சரியான எண்ணைக் கூட ஏற்காது.

பெட்டியில் இன்னும் இரண்டு பூட்டுப் போன் இருக்கிறது. அனுப்பியவர்களிடம் பேசியாயிற்று. ஒன்றுக்குத் தவணை முடிந்துவிட்டது, மனு போட்டிருக்கிறார். இன்னொன்றுக்கு ஒரு வருடம் பாக்கி. அதைத் திருப்பி அனுப்புகிறோம். இன்ஷா அல்லாஹ் வரும் வெள்ளி, ஜும்ஆ முடிந்து அறக்கட்டளை அலுவலகத்தில் இருப்பேன். வீட்டில் அலமாரிக்குள் தூங்குகிற போன் இருந்தால் கொண்டுவாருங்கள், சார்ஜரும் சேர்த்து. பார்ப்பதற்குக் காசு வாங்க மாட்டேன்.