பதக்கத்துக்கு ஐந்து ஆண்டுக் காத்திருப்பு



2009 நவம்பர் 5. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ஹூட் இராணுவத் தளம். போர்முனைக்குச் செல்லவிருந்த வீரர்கள் மருத்துவப் பரிசோதனைக்குக் காத்திருந்த கட்டடத்தில் துப்பாக்கி வெடித்தது. 13 பேர் மாண்டனர். 30க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். சுட்டவர் அதே இராணுவத்தின் மனநல மருத்துவர், ஒரு மேஜர்!

சுட்டவர்கள் பலர், சுட்டவன் இறந்துவிட்டான் என்றெல்லாம் முதலில் செய்தி பரவியது. இரண்டுமே தவறு. அவர் உயிரோடிருப்பதை இரவில்தான் அதிகாரிகள் அறிவித்தனர். அவசரச் செய்தி படுத்தும் பாடு இது.

அவர் முஸ்லிம் என்றதும் மக்களின் கோபம் திசை மாறியது. முஸ்லிம் வீரர்கள்மீது பழி விழக்கூடாது என்று தரைப்படைத் தலைமைத் தளபதி ஜார்ஜ் கேசி தொலைக்காட்சியில் எச்சரித்தார். சரியான பேச்சுதான். ஆனாலும், இறந்தவர்களைவிட இதுவா முக்கியம் என்று அவரைச் சாடியவர்களும் உண்டு.

அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது. யேமனில் இருந்த தீவிரவாதப் போதகர் அன்வர் அல் அவ்லாக்கிக்கு இந்த மேஜர் மின்னஞ்சல் அனுப்பியது எஃப்பிஐக்கு முன்பே தெரியும். யாரும் தடுக்கவில்லை.

காயம்பட்டவர்களுக்கு இன்னொரு வலி. பாதுகாப்புத் துறை இதை வேலையிட வன்முறையாகவே கருதியது. ஆகவே, எதிரியின் தாக்குதலில் காயப்படுவோருக்குரிய பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் கிடையாது. அதனோடு வரும் சலுகைகளும் இல்லை. குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. 2013இல் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பதக்கம் மட்டும் வரவில்லை. நாடாளுமன்றம் 2014 இறுதியில் விதியை மாற்றிய பிறகே, 2015 ஏப்ரலில் அது கைக்கு வந்தது. மாண்ட வீரர்களுக்குரியதைக் குடும்பத்தினர் வாங்கிக்கொண்டனர்.